படம் முடிந்த பிறகு தொடங்கிய வாழ்க்கை

பல்கலைக்கழகத்தில் ஊடகக் கற்கை படித்த காலத்தில், போர்ப் பிரசாரம் பற்றிய பாடத்துக்காக ‘சார்ஜன்ட் யோர்க்’ என்ற அமெரிக்கத் திரைப்படத்தைப் பார்த்தேன். 1941இல் வெளிவந்தது. முதலாம் உலகப் போரிலிருந்து ஊர் திரும்பும் நாயகனுக்கு மாநில மக்கள் காணியும் புது வீடும் பரிசளிப்பதோடு படம் முடிகிறது. அந்தக் காணி பின்னர் என்னவாயிற்று என்று தேடியபோதுதான் அல்வின் யோர்க் என்ற உண்மையான மனிதரை அறிந்தேன்.

டென்னசி மாநிலத்தின் மலைப்பகுதியிலுள்ள போல் மோல் என்ற சிற்றூரில் 1887 டிசம்பர் 13ஆம் திகதி பிறந்தவர். பதினொரு பிள்ளைகளில் மூன்றாமவர். தந்தை விவசாயமும் கொல்லவேலையும் செய்தார். யோர்க் பாடசாலை போனது கொஞ்சம். வேட்டைக்குப் போனதே அதிகம். இளவயதில் குடி, அடிதடி. 27 வயதளவில் அதையெல்லாம் விட்டு ஊர்த் தேவாலயத்தில் சேர்ந்தார், ஞாயிறு பாடசாலையில் கற்பித்தார்.

1917இல் கட்டாய ஆட்சேர்ப்பு வந்தது. இந்தச் சொல் நம் வீடுகளில் எப்படி ஒலிக்கும் என்று நான் விளக்கத் தேவையில்லை. அந்த ஊரில் ஆட்பதிவு செய்தவர் தபால் அதிபர். அவர்தான் யோர்க்கின் போதகரும். விலக்குக் கோருகிறீரா என்ற கேள்விக்கு, சண்டையிட விருப்பமில்லை என்று யோர்க் எழுதினார். பைபிளைத் தவிர வேறு தனிக் கோட்பாடு இல்லாத சபை என்று சொல்லி விண்ணப்பத்தை நிராகரித்தார்கள். பயிற்சி முகாமில் அதிகாரிகள் அவரோடு வேதாகமத்தை வைத்தே விவாதித்தார்கள். பத்து நாள் விடுப்பில் ஊருக்கு வந்து, மலையில் தனியே ஜெபித்துவிட்டுத் திரும்பிப் போனார்.

1918 ஒக்டோபர் 8, பிரான்ஸின் ஆர்கொன் காடு. 17 பேர் கொண்ட அணியில் ஆறு பேர் கொல்லப்பட, பொறுப்பு கோப்ரல் யோர்க்கின் தலையில் விழுந்தது. அன்று முடிவில் 132 ஜேர்மன் படையினர் கைதிகளாயினர்; இருபதுக்கும் மேற்பட்டவர்கள் இறந்து கிடந்தனர். பெருமை முழுவதையும் ஒருவருக்கே கொடுத்ததை அணியில் தப்பிய சிலர் பின்னாளில் ஆட்சேபித்தார்கள். நியாயமான ஆட்சேபம்தான், பத்திரிகைகளுக்கு எப்போதும் ஒரு முகம் போதும். மறுநாள் அதே இடத்துக்குப் போய், உயிரோடு யாரேனும் கிடக்கிறார்களா என்று தேடியதாக யோர்க் தன் நினைவுகளில் சொல்லியிருக்கிறார்.

1919இல் நாட்டின் அதியுயர் வீரப் பதக்கத்தோடு திரும்பினார். விளம்பரங்களில் தோன்றப் பெருந்தொகை பேசினார்கள். போரை விற்க மறுத்து, காத்திருந்த கிரேசியை ஜூன் 7ஆம் திகதி மணந்து ஊரிலேயே தங்கினார்.

இனி அந்தக் காணி. நாஷ்வில் ரொட்டரி கழகம் பொதுமக்களிடம் பணம் திரட்டித்தான் அதைக் கொடுத்தது. திரட்டிய பணம் போதவில்லை. மிச்சக் கடன் யோர்க்கிடமே வந்தது. போருக்குப் பின் விளைபொருள் விலை சரிய, தவணை கட்ட முடியாமல் திண்டாடினார். ‘பரிசு’ பெற்றவரை மீட்க மறுபடியும் பொதுமக்களிடம் பணம் சேர்க்க வேண்டியிருந்தது.

தனக்குக் கிடைக்காத படிப்பு மலையகப் பிள்ளைகளுக்குக் கிடைக்க வேண்டும் என்று ஜேம்ஸ்டவுனில் பாடசாலை ஒன்றை நிறுவினார். ஆசிரியர் சம்பளத்துக்கும் பிள்ளைகளை ஏற்றிவரும் பேரூந்துகளுக்கும் தன் காணியை ஈடு வைத்தார். இருபது வருடங்களுக்கு மேல் மறுத்துவந்த படத்துக்குச் சம்மதித்ததும் ஒரு வேதாகமப் பாடசாலை கட்டும் ஆசையில்தான். படத்தில் நடித்த கேரி கூப்பருக்கு ஓஸ்கார் கிடைத்தது. யோர்க்குக்கு வந்தது வரிப் பிரச்சினை. படத்தால் வந்த வருமானத்தைப் பெரும்பாலும் கொடுத்தே தீர்த்தவரிடம், வட்டியும் சேர்த்து 172,000 டொலர் கேட்டது இறைவரித் திணைக்களம். 1954இல் பக்கவாதம் வந்து படுக்கையில் விழுந்த பிறகும் அந்த வழக்கு ஓயவில்லை. 1961இல் சபாநாயகர் சாம் ரேபர்ன் முன்னின்று நிதி சேர்க்க, 25,000 டொலருடன் கணக்கு முடிக்கப்பட்டது.

1964 செப்டெம்பர் 2ஆம் திகதி நாஷ்விலில் முன்னாள் படையினருக்கான மருத்துவமனையில் இறந்தார். ஜேம்ஸ்டவுன் பாடசாலை இன்றும் அவர் பெயரிலேயே நடக்கிறது.