பின்னோக்கி ஓடிய மைல்கள்

என் தாத்தா 1961-இல் வாங்கிய அம்பாஸடர் கார் ஓசூரில் எங்கள் வீட்டு வாசலில் இன்னும் நிற்கிறது. நிற்கிறது என்று சொல்வதுதான் பொருத்தம். கியர் பெட்டி பல்லெல்லாம் தேய்ந்து முனகத் தொடங்கியபோது, இஸுஸு எஞ்சினும் அதனுடன் வரும் ஐந்து கியர் பெட்டியும் வைத்துவிடுவது என்று தீர்மானித்தேன். 1990களின் தொடக்கத்தில் கம்பெனியே அந்த ஜப்பானிய எஞ்சினை அம்பாஸடரில் வைத்து விற்றது. ஆகவே பொருத்துவதில் பெரிய சங்கடம் ஏதுமில்லை. சங்கடமெல்லாம் ஸ்பீடாமீட்டர் கேபிளில்தான் வந்தது.

"பழைய கேபிள் மரை சேராது சார். புது மீட்டரே போட்டுடலாம், கிலோமீட்டர்ல காட்டும்" என்றார் மெக்கானிக்.

எனக்கு மனம் வரவில்லை. அந்த மீட்டரில் 83,416 மைல் இருக்கிறது. தாத்தாவும் அப்பாவும் ஓட்டியது. தாத்தா பெட்ரோல் போடும் போதெல்லாம் மைல் எண்ணை ஒரு நோட்டில் குறித்து வைப்பார். அவருக்குப் பின் அப்பாவும் அதே நோட்டில் எழுதினார். எடை, அளவுச் சட்டம் 1956-இல் வந்தது. மறு வருஷம் நயா பைசா வந்தது. 1960களில் சாலையோரத்துக் கற்களும் கிலோமீட்டருக்கு மாறின. தாத்தாவின் கார் மட்டும் மைலைக் கைவிடவில்லை. நாமும் இன்றுவரை 'மைல்கல்' என்றுதானே சொல்கிறோம்!

இந்த மீட்டரின் பூர்வோத்தரம் சுவையானது. சுழலும் செப்புத் தட்டு, தொடாமலே காந்த ஊசியை இழுத்துக்கொண்டு போவதை 1824-இல் பிரான்ஸ் தேசத்து அரகோ கண்டார். காரணத்தைப் பின்னால் ஃபாரடே விளக்கினார். அந்த வேடிக்கையைத் தலைகீழாக்கி, 1902-இல் ஜெர்மானியரான ஓட்டோ ஷுல்ட்ஸே வேகம் காட்டும் கருவிக்குக் காப்புரிமை பெற்றார். கேபிள் ஒரு காந்தத்தைச் சுழற்றுகிறது. அதைத் தொடாமல் மூடியிருக்கும் அலுமினியக் கிண்ணம் கூடவே திரும்பப் பார்க்கிறது. மயிரிழை போன்ற சுருள்வில் அதைப் பிடித்து வைக்கிறது. இந்த இழுபறிதான் முள் காட்டும் வேகம். சாலையைப் பற்றி மீட்டருக்கு ஒன்றும் தெரியாது. கியர் பெட்டியின் வாலில் இருக்கும் சிறு பல்சக்கரம் ஒரு மைலுக்குக் கேபிளை எத்தனை தடவை சுற்றுகிறதோ, அதுதான் அதன் உலகம். பெட்டியை மாற்றினால், அது மனசாட்சிப்படியே பொய் சொல்லும்.

எவ்வளவு பொய் என்று பார்க்க ஒரு பழைய பிரிட்டிஷ் வழி உண்டு. மீட்டர் பக்கத்துக் கேபிளைக் கழற்றி, பின் சக்கரம் ஆறு சுற்றுச் சுற்றும்வரை வண்டியைத் தள்ள வேண்டும். உள்கம்பி சுற்றிய எண்ணிக்கையை 1680-ஆல் பெருக்கி, அச்சிலிருந்து தரைவரை உள்ள அங்குலத்தால் வகுத்தால், மைலுக்கு எத்தனை சுற்று என்று கிடைத்துவிடும். நானும் இரண்டு பையன்களும் தள்ளினோம். மெக்கானிக் எங்களிடம் தமிழ் பேசுவார், ஸ்பானரைத் தெலுங்கில் திட்டுவார், எண்ணுவதோ கன்னடத்தில். "ஏளூ முக்காலு!" என்று கூவினார். ஏழே முக்கால் சுற்று. உயரம் பன்னிரண்டே முக்கால் அங்குலம். ஏறக்குறைய 1020. என் மீட்டருக்கு வேண்டியதோ அதற்கு மேல் கால் பங்கு. ஐம்பது மைலில் பறந்தாலும் நாற்பது என்று காட்டி என்னை நல்ல பிள்ளையாக்கியிருக்கும்.

கேபிளுக்குப் பஞ்சமான பிரதேசமா இது? 1970களில் சிப்காட் வந்தது. 1980-இல் டி.வி.எஸ். மொபெட்டும் அசோக் லேலண்டும் இங்கே தொழிலைத் தொடங்கின. எல்லைக்கு அப்பால் பொம்மசந்திரத்தில், 1985-இல் பிறந்த சுப்ரஜித் கம்பெனி கேபிள் செய்தே உலகப் பெயர் எடுத்தது. ஆனால் ஒரு முனையில் ஜப்பான் மரையும் மறுமுனையில் இங்கிலீஷ் மரையும் கொண்ட ஒற்றைக் கேபிளை எந்த ஆலை செய்யும்? கடைசியில் ஒரு லேத்துக்காரர்தான் இரண்டு முனைகளையும் ஒரே கம்பியில் சேர்த்தார். நடுவில் 20 பல்லும் 16 பல்லுமாக இரு சக்கரங்கள் வைத்த பித்தளை டப்பி ஒன்றும் கடைந்து கொடுத்தார்.

ஜூஜூவாடி எல்லைவரை போய்த் திரும்பினோம். முள் அசையவே இல்லை. வீட்டு வாசலில் குனிந்து பார்த்தால் 83,409! ஏழு மைல் குறைந்திருந்தது. ஒன்றையொன்று கடிக்கும் இரு சக்கரங்கள் எதிரெதிராகச் சுற்றும் என்பது எங்கள் மூவருக்குமே தோன்றவில்லை. கேபிள் எதிர்ப்பக்கம் சுற்ற, முள் பூஜ்யத்துக்கும் கீழே போக முட்டி மோத, மைல் எண்கள் பின்னோக்கி நடந்திருக்கின்றன. எனக்குச் சிரிப்பு வரவில்லை. அப்பா எழுதிய கடைசி எண்ணுக்குக் கீழே போய்விட்டேனோ என்று ஓடிப்போய் நோட்டைப் புரட்டினேன். நல்லவேளை, அது 83,380.

"நடுவுல இன்னொரு சக்கரம் வெச்சா நேராயிடும் சார்" என்றார் லேத்துக்காரர், ஒன்றும் நடவாதது போல. வைத்தார், நேராயிற்று.

மறுநாள் கிருஷ்ணகிரிச் சாலையில் கற்களை எண்ணிக்கொண்டே போனோம். எட்டுக் கிலோமீட்டருக்கு மீட்டர் சரியாக ஐந்து மைல் காட்டியது. சூளகிரிக்குப் பாதி வழியில் 83,416 மறுபடி வந்தது. ஆனால் கணக்குப்படி கார் பதினான்கு மைல் அதிகம் ஓடியிருக்கிறது: பின்னால் போனது ஏழு, எண்ணாமல் விட்டது ஏழு. அப்பாவின் கடைசி வரிக்குக் கீழே, அந்தப் பதினான்கைத் தேதி போட்டுத் தனியாக எழுதி வைத்தேன்.