செம்பனைக் குருத்தும் இருவகைக் கர்மாவும்

கடல் கடந்து சென்ற தமிழரின் வரலாற்றை அவர் வளர்த்த பயிர்களின் வரலாற்றோடு சேர்த்தே எழுத வேண்டும். இலங்கையில் தேயிலை, மலாயாவில் பால்மரமும் செம்பனையும் அத்தகையன. இவற்றுள் செம்பனையின் குருத்துக்குள் ஏறத்தாழ முப்பது ஆண்டுக் காலம் ஒளிந்திருந்த ஒரு புதிர் 2015ஆம் ஆண்டில் அவிழ்ந்தது. அதை அவிழ்த்த ஆராய்ச்சி, பூச்சோங் அமைந்துள்ள அதே சிலாங்கூர் மாநிலத்தில், காஜாங்கை அடுத்த பாங்கியில் நடந்தது. உயிரியலில் புதிதாய்த் தோன்றிய ஒரு துறையின் அடிப்படையை இம்மரத்தைக் கொண்டே மாணவர்க்கு விளக்கலாம். ஆதலின் இவ்வரலாறு தமிழாசிரியர் அறியத்தக்கதாகும்.

மரம் வந்த வழி

செம்பனையின் தாயகம் மேற்கு ஆப்பிரிக்கா. 1848ஆம் ஆண்டில் நான்கு நாற்றுகள் சாவகத்தீவின் போகோர் தாவரத் தோட்டத்தில் நடப்பட்டன. அவற்றின் வழித்தோன்றல்கள் சுமத்திராவின் டெலிப் பகுதிக்குச் சென்று, அங்கிருந்து மலாயாவை அடைந்தன. 1917இல் கோலசிலாங்கூர் மாவட்டத்துத் தெனமாரம் தோட்டத்தில் பிரெஞ்சுக்காரரான ஆன்றி போக்கொன்னியே வணிக நோக்கில் முதன்முதலாகச் செம்பனை பயிரிட்டார். 1960களில் ரப்பர் விலை தளரவே, பால்மரக் காடுகள் பல செம்பனைக் காடுகளாயின. பால் வெட்டிய கைகள் குலை வெட்டவும் உதிரிப்பழம் பொறுக்கவும் பழகின. பூச்சோங் வட்டாரத்தில் இன்று தோட்டங்கள் வீடமைப்புப் பகுதிகளாகிவிட்டன. கின்ராரா, கேசல்பீல்டு என்னும் பழைய பெயர்கள் தமிழ்ப்பள்ளிகளின் பெயர்களில் நிலைபெற்றுள்ளன.

ஒற்றைக் குருத்து

தொல்காப்பிய மரபியல், புறத்தே வயிரம் உடையவற்றைப் புல் என்றும், அகத்தே வயிரம் உடையவற்றை மரம் என்றும் பகுக்கின்றது. அவ்வழி நோக்கினால் பனையும் தென்னையும் புல்லே. இக்காலத் தாவர நூலாரும் புல், பனை இரண்டையும் ஒருவித்திலைத் தாவரம் என்னும் ஒரே பெரும்பிரிவில் வைப்பர்.

முருங்கைக் கொம்பை வெட்டி நட்டால் தழைக்கும். வாழை பக்கக் கன்று ஈனும். செம்பனைக்கோ உச்சியில் உள்ள ஒற்றைக் குருத்தே உயிர்நிலை. அதனை வெட்டினால் மரம் பட்டுப்போம். ஆகவே, மிகுந்த எண்ணெய் தரும் மரமொன்றைக் கண்டெடுத்தாலும் அதனை அப்படியே பெருக்க வழியில்லை. விதை வாயிலாகத்தான் பெருக்கவேண்டும். விதைக்கன்றுகளோ ஒரு வயிற்றுப் பிள்ளைகளைப் போல் ஒன்றுக்கொன்று வேறுபடும்.

குருத்தின் நுனியில் இடையறாது பிரிந்து, இலை, பூ, தண்டு எனப் பல உறுப்புகளாகவும் மாறவல்ல உயிரணுக்கள் உள்ளன. விலங்குகளின் உடலிலும் இத்தகைய திறனுடைய உயிரணுக்கள் உண்டு. அவற்றைத் தமிழில் குருத்தணு என்பர். பனையின் குருத்தை அறிந்தவர்க்கு இச்சொல்லின் பொருத்தம் நன்கு விளங்கும்.

போர்வை போர்த்த காய்

முதிர்ந்த உயிரணு ஒன்றிலிருந்தும் முழுச் செடியை உண்டாக்கலாம் என்ற கருத்தை 1902இல் ஆபர்லாண்டு என்பார் வெளியிட்டார். 1958இல் அமெரிக்காவில் ஸ்டூவர்டு என்பார் காரட்டுக் கிழங்கின் உயிரணுக்களிலிருந்து முழுச் செடிகளை வளர்த்துக் காட்டினார். 1970களின் நடுவில் இங்கிலாந்து, பிரான்சு நாட்டு ஆய்வாளர்கள் செம்பனைக்கும் இம்முறை பொருந்தும் எனக் கண்டனர். வேரிலோ இளங்குருத்திலைகளிலோ சிறு துண்டு எடுத்துக் குப்பியில் வளர்த்தால், அத்துண்டு உருவற்ற திசுத்திரளாகிப் பின் கன்றுகளாகும். ஒரு தாய்மரத்திலிருந்து ஆயிரக்கணக்கான படிக்கன்றுகள் பெறலாம். 1977இல் மலேசிய மண்ணில் முதற் படிக்கன்றுகள் நடப்பட்டன. எண்ணெய் 30 விழுக்காடு வரை கூடும் என்ற எதிர்பார்ப்பும் எழுந்தது.

எதிர்பார்ப்புக்கு இடையூறு விரைவில் வந்தது. படிமரங்களிற் சிலவற்றின் பூக்கள் பிறழ்ந்துள்ளன என்று 1986இல் கோர்லியும் உடன் உழைத்தோரும் அறிவித்தனர். செம்பனையின் பெண்பூவில் வளர்ச்சி குன்றிய ஆண்கூறுகள் உண்டு. பிறழ்ந்த மரங்களில் அவை சூலிலை போலப் பருத்து, காயைச் சுற்றிப் போர்வையாய் மூடிக்கொண்டன. பிறழ்ச்சி மிகுந்தால் காயில் விதை பிடிப்பதில்லை. குலையும் முற்றாமலே கெடும். எண்ணெய் பெரிதும் குறையும்.

இதில் பெருந்தொல்லை யாதெனில், கன்று நட்டு மூன்று ஆண்டளவு சென்று குலை தள்ளும்வரை நல்ல மரமும் பிறழ்ந்த மரமும் பார்வைக்கு ஒன்றே. உரமிட்டுக் களையெடுத்து வளர்த்த பின்னரே உண்மை தெரியும். செம்பனை 25 ஆண்டுக் காலம் பயன்தரும் மரம். தவறான கன்றை நட்டவர் அதனை வெட்டி எறிந்து புதிதாய்த் தொடங்கவேண்டும். சில ஏக்கரே உடைய சிறுதோட்டக்காரர்க்கு இந்நட்டம் தாங்கக்கூடியதன்று. ஆகவே படிக்கன்று நடுதல் பல இடங்களிற் பின்வாங்கியது.

எழுத்தும் குறியும்

ஒரே தாயின் படிகளில் சில மட்டும் பிறழ்வானேன்? பிறழ்ந்தவற்றுள்ளும் சில மரங்கள் ஆண்டுகள் செல்லத் திருந்தி நற்குலை தருவானேன்? மரபணுவின் எழுத்தே மாறியிருப்பின் அது இவ்வளவு எளிதில் மீளாது. எனவே எழுத்தன்று, எழுத்தின் மேலுள்ள குறியே மாறியிருத்தல் வேண்டும் என்ற ஐயம் பிறந்தது.

டி.என்.ஏ. என்பது நான்கு எழுத்துகளால் ஆன நெடுஞ்சுவடி. அவ்வெழுத்துகளில் ஒன்றான சைட்டோசின் மீது மீத்தைல் என்னும் சிறு அணுக்கூட்டம் ஒட்டிக்கொள்வதுண்டு. ஆட்சிஸ் 1948இல் கன்றுக்குட்டியின் உறுப்பொன்றில் எடுத்த டி.என்.ஏ.வில் இதன் அறிகுறியைக் கண்டார். 1975இல் இங்கிலாந்தில் ஆலிடேயும் பியூவும், அமெரிக்காவில் ரிக்சும், மரபணுக்களை அடக்கியும் எழுப்பியும் வைக்கும் குறியாக இது விளங்கலாம் எனத் தனித்தனியே கூறினர். தமிழாசிரியர் இதனைப் புள்ளியைக் கொண்டு விளக்கலாம். ககரத்தின் மேல் புள்ளியிட்டால் எழுத்தின் வடிவம் மாறுவதில்லை. அகர ஒலி அடங்குகின்றது. பழைய ஏடுகளிற் புள்ளி இல்லாமையால் படிப்போர் இடர்ப்பட்டதைப் பதிப்பாசிரியர் பலர் அறிவர்.

இத்தகைய குறிமாற்றம் இயற்கையிலும் நிகழ்வதுண்டு. 1744இல் லின்னேயசு விந்தையான பூவுடைய ஒரு செடியை வருணித்தார். அதன் காரணம் 1999இல்தான் இங்கிலாந்தில் தெளிவாயிற்று. அங்கே ஒரு மரபணுவின் மீது மீத்தைல் குறி மிகுந்து அதனை அடக்கியிருந்தது. செம்பனையில் நேர்ந்ததோ இதற்கு எதிரானது.

பாங்கியில் கண்ட விடை

மலேசியச் செம்பனை வாரியத்தின் ஆய்வாளர்கள் அமெரிக்க அறிஞர்களுடன் கூடி, 2013இல் செம்பனையின் மரபுச்சுவடியைப் படித்து வெளியிட்டனர். ஏறத்தாழ 34,800 மரபணுக்கள் அதில் உள்ளமை தெரிந்தது. பின்னர் அவர்கள் நல்ல படிமரங்களையும் பிறழ்ந்த படிமரங்களையும் பல தோட்டங்களினின்று திரட்டி, சுவடி முழுவதிலும் மீத்தைல் குறிகளை ஒப்புநோக்கினர். 2015 செப்டம்பரில் 'நேச்சர்' இதழில் முடிவு வெளிவந்தது. மெய்லினா ஓங் அப்துல்லா முதலாசிரியர். ரவிகாதேவி சம்பந்தமூர்த்தி, ராஜிந்தர் சிங், கோல்டு ஸ்பிரிங் ஆர்பர் ஆய்வகத்து ராபர்ட் மார்ட்டியென்சன் முதலியோர் உடனாசிரியர்.

பூவின் உறுப்புகளை வகுக்கும் டெபிசியென்ஸ் என்னும் மரபணுவின் இடையே ஒரு தாவும் மரபுக்கூறு வந்து புகுந்துள்ளது. ஏட்டில் இடைச்செருகல் புகுவதைப் போன்றது இது. இத்தகைய கூறுகளை மக்காச்சோளத்தில் 1940களில் முதலில் கண்டவர் பார்பரா மெக்கிளிண்டாக் அம்மையார். அதற்காக 1983இல் நோபல் பரிசு பெற்றார். நல்ல மரத்தில் அச்செருகலின் மேல் மீத்தைல் குறிகள் செறிந்துள்ளன. உயிரணு அதனைத் தள்ளிவிட்டு மூலத்தை மட்டும் படிக்கின்றது. திசு வளர்ப்பின்போது அக்குறி நீங்கிவிட்டால், செருகலையும் மூலம் என்று கொண்டு படிக்கின்றது. தொடர் இடையில் அறுந்துவிடுகின்றது. ஆண்கூறு ஆகவேண்டியது சூலிலை ஆகின்றது.

இச்செருகலின் பெயர் கர்மா. இவ்வினத்து மரபுக்கூறு ஒன்றை நெல்லில் கண்ட ஜப்பானிய ஆய்வாளர்கள் 2003இல் அப்பெயரை வழங்கினர். பாங்கி ஆய்வாளர்கள் குறி செறிந்த நிலையை நல்ல கர்மா என்றும், குறி நீங்கிய நிலையைத் தீய கர்மா என்றும் குறித்தனர். தமிழர் நல்வினை, தீவினை என்பது போல இது அமைந்துவிட்டது. ஆயினும் வேறுபாடு ஒன்றுண்டு. ஊழ்வினை வந்து தாக்கிய பின்னரே அறியப்படுவது. இவ்வினையை முன்னரே அறியலாம். குப்பியில் வளர்ந்த கன்றின் சிறு இலைத்துணுக்கைச் சோதித்தால் மூன்றாண்டு காத்திராமலே தீய கன்றை விலக்கலாம்.

விலக்குவதால் வரும் பயன் எண்ணெயோடு நிற்பதன்று. ஓர் ஏக்கரில் விளைச்சல் கூடுமாயின் காட்டை அழித்துப் புதுநிலம் தேடும் தேவை குறைய வழியுண்டு. மேலும், 2006இல் ஜப்பானில் யாமனாக்கா முதிர்ந்த உயிரணுவைக் குருத்தணு நிலைக்கு மீட்டதுமுதல், மருத்துவரும் குப்பியில் உயிரணு வளர்க்கின்றனர். அங்கும் மீத்தைல் குறிகள் பிறழ்வதுண்டு. எழுத்தோடு குறியையும் சரிபார்த்தாக வேண்டும். செம்பனை கற்பிக்கும் இப்பாடத்தைச் சொல்லத் தமிழில் குருத்து, குறி, புள்ளி, இடைச்செருகல் என்னும் பழஞ்சொற்களே போதும். அறிவியல் ஆசிரியரும் தமிழாசிரியரும் ஒரே வகுப்பில் கூடி நின்று இதனைக் கற்பிக்கலாம்.