மன்னார்ச் சிப்பியும் நுரையீரலும்: பிறர் உடலில் வாழும் கொடையாளிக் கலங்கள்

1891க்குப் பின் பல ஆண்டுகள் மன்னார் வளைகுடாவின் இலங்கைப் பக்கத்தில் முத்துக்குளிப்பு நடக்கவில்லை. பார்கள் எனப்படும் கடலடிச் சிப்பிப் படுகைகளில் சிப்பி விளையாத காரணத்தை ஆராய லிவர்பூல் விலங்கியல் பேராசிரியர் வில்லியம் ஹெர்ட்மன் 1902 ஜனவரியில் இலங்கை வந்தார். அவரும் அவருடைய உதவியாளர் ஜேம்ஸ் ஹோர்னெலும் சிலாவத்துறை, மரிச்சுக்கட்டிக் கரைகளுக்கு அப்பாலுள்ள பார்களை ஆராய்ந்தனர். 1903 முதல் 1906 வரை ராயல் சொசைட்டி வெளியிட்ட ஐந்து தொகுதிகள் அதன் விளைவு. சிப்பிக்குள் புகும் நாடாப்புழுவின் இளநிலையே நல்முத்தின் கரு என்றார் ஹெர்ட்மன். இக்கருத்து பின்னாளில் நிலைக்கவில்லை. முத்தைச் சுரக்கும் கலங்களைவிட, அவற்றை உறுத்தும் அந்நியப் பொருளிலேயே அவர் கவனம் தங்கியது.

அக்கலங்களைக் கையாளும் வழியை ஜப்பானில் கண்டார்கள். மிசே, நிஷிகாவா ஆகியோர் 1907ஐ ஒட்டிக் காப்புரிமை கோரிய முறையில், ஒரு சிப்பியின் ஓட்டுக்கு உட்புறமாக முத்துப்பொருள் சுரக்கும் மென்மூடியின் துண்டு இன்னொரு சிப்பிக்குள் வைக்கப்படுகிறது. மன்னார் வளைகுடாவின் அதே இனச் சிப்பியில் தூத்துக்குடியில் கே. அழகர்சாமியின் குழு 1973இல் உருண்டை முத்தை விளைவித்தது. மெந்தால் கலந்த நீரில் சிப்பி மயங்கி வாய் நெகிழும். இனப்பெருக்கச் சுரப்பியில் சிறு வெட்டு. அதனுள் இரண்டு மூன்று மில்லிமீட்டர்ச் சதுரமான மென்மூடித் துண்டும் ஓட்டில் கடைந்த மணியும். துண்டின் புறக்கலங்கள் பெருகி மணியைச் சூழ்ந்து முத்துப்பையாகின்றன. அறுவடை வேளையிலும் அப்பையில் கொடைச் சிப்பியின் மரபணுக்கள் இயங்குவதைப் பிற முத்துச்சிப்பி இனங்களில் செய்த ஆய்வுகள் காட்டியுள்ளன. ஆக, வளர்ப்பு முத்தை உறுப்புமாற்று வரலாற்றின் ஓரத்தில் வைத்துப் படிப்பது தகும் என்பதே என் துணிபு.

மருத்துவத்திலும் பார்வை இப்படித்தான் கொடையாளிக் கலங்களின் பக்கம் மெல்லத் திரும்பியது. 1963இல் மிசிசிப்பியில் ஜேம்ஸ் ஹார்டி நுரையீரலை மாற்றினார். நோயாளி 18 நாள் வாழ்ந்தார். 1983இல் டொரன்டோவில் ஜோயல் கூப்பர் நீடித்த வெற்றி கண்டார். இக்காலமெங்கும் முதன்மையான கேள்வி, ஏற்பவர் உடல் புதிய உறுப்பை நிராகரிக்குமா என்பதே. உறுப்போடு பயணம் செய்யும் வெண்குருதிக் கலங்களைப் பற்றி ஜார்ஜ் ஸ்னெல் 1957இலேயே பேசியிருந்தார். ஆனால் ஈரல், சிறுநீரகம் ஏற்றவர்களிடம் பல்லாண்டுகளுக்குப் பின்னும் கொடையாளிக் கலங்கள் இருப்பதைத் தோமஸ் ஸ்டார்சல் குழு 1992இல் காட்டிய பின்னரே அப்பொருள் வலுப்பெற்றது.

நுரையீரல் இதில் தனித்தது. மூச்சுக்கு மூச்சு வெளிக்காற்றை எதிர்கொள்வதால் அதில் நோயெதிர்ப்புக் கலங்கள் செறிந்திருக்கின்றன. கழுவிக் குளிரூட்டிக் கொண்டுவந்தாலும் அவை முழுதாக நீங்குவதில்லை. கொடையாளி, ஏற்பவர் இருவரின் கலப்பரப்பிலுள்ள எச்எல்ஏ எனும் அடையாளப் புரதங்களின் வேறுபாட்டை வைத்து எது யாருடைய கலம் எனப் பிரித்தறியலாம். இவ்வாறு 2021இல் ஹனோவர் ஆய்வாளர்கள், கொடையாளியின் டி, என்கே ஆகிய நோயெதிர்ப்புக் கலங்கள் ஏற்றவரின் குருதியில் ஓடுவதைப் பதிவுசெய்தனர். அதற்கு முன், 2019இல் கொலம்பியா பல்கலைக்கழகக் குழு, நுரையீரலிலேயே தங்கும் கொடையாளியின் நினைவு டி கலங்கள் ஓராண்டுக்கு மேலும் நிலைப்பதைக் கண்டிருந்தது. அவை நீடித்தவர்களிடம் மாற்றுறுப்பின் தொடக்கக்காலச் செயலிழப்பு குறைவாக இருந்தது. நிராகரிப்பைத் தூண்டும் பயணிகள் என்று நெடுங்காலம் அஞ்சப்பட்ட கலங்கள் இவை. அவையே உறுப்பைக் காக்கின்றனவா, அல்லது நலமாயிருக்கும் உறுப்பில் அவை வெறுமனே தங்கிவிடுகின்றனவா என்பதை இந்தத் தொடர்பு மட்டும் தீர்த்துவைக்காது.