'மாட்டேன்... போ!' - அடம்பிடிக்கும் மூன்று வயதும், 'நான் நல்ல அம்மாதானா?' என்ற கேள்வியும்

காலை எட்டே கால் மணி. திருவண்ணாமலையை ஒட்டிய வேங்கிக்காலில், கலெக்டர் ஆபீஸிலிருந்து நடந்து போகிற தூரத்தில் இருக்கிறது என் அக்கா வீடு. வாசலில் ஸ்கூல் வேன் இரண்டு முறை ஹார்ன் அடித்துவிட்டது. உள்ளே மூன்றரை வயது வாண்டு ஒரு காலில் ஷூவோடு தரையில் உருண்டுகொண்டிருக்கிறான். அவனுக்கு நீலச் செருப்புதான் வேண்டும். அது நேற்றைய மழையில் நனைந்து கொடியில் தொங்குகிறது.

அக்கா கெஞ்சினாள். அடுத்து மிரட்டினாள். "சாயந்திரம் சாக்லேட் வாங்கித் தரேன்டா கண்ணு" என்றாள். கடைசியில் தொடையில் ஒன்று வைத்தாள். வேன் போய்விட்டது. திண்ணையில் இருந்த ஆயா, "எம் புள்ள இந்த வயசுல இருக்கிற எடமே தெரியாது. இது யார மாதிரியோ!" என்று காற்றிடம் சொன்னார். அக்கா அடுப்படிக்குள் போய் அழுதாள். "நான்தான் சரியா வளர்க்கலையாடி?"

எனக்கு இன்னும் கல்யாணமே ஆகவில்லை. என்ன பதில் சொல்ல? ஆனால் தேடிப் படிப்பதும் கேட்டு எழுதுவதும்தானே நம் வேலை. உங்கள் வீட்டிலும் இப்படி ஒரு நீலச் செருப்பு இருந்தால், இந்தக் கட்டுரை உங்களுக்கும்தான்.

எல்லாம் வளர்ப்பா?

முதலில் அந்த 'யார மாதிரியோ'வுக்கு வருவோம். 1956-ல் நியூயார்க்கில் அலெக்சாண்டர் தாமஸ், ஸ்டெல்லா செஸ் என்ற மனநல மருத்துவத் தம்பதி ஒரு ஆய்வைத் தொடங்கினார்கள். நூற்றுக்கும் மேற்பட்ட குழந்தைகளைக் கைக்குழந்தைப் பருவத்திலிருந்தே பல ஆண்டுகள் தொடர்ந்து கவனித்தார்கள். ஏறக்குறைய 40 சதவிகிதக் குழந்தைகள் எதற்கும் சுலபமாகப் பழகிவிட்டார்கள். 15 சதவிகிதம் பேர் புதிய இடம், புதிய ஆள் என்றால் தயங்கித் தயங்கிப் பழகினார்கள். 10 சதவிகிதம் பேரோ பிறந்த சில மாதங்களிலேயே உரக்க அழுது, நேரத்துக்குத் தூங்காமல், எந்த மாற்றத்துக்கும் எதிர்ப்புக் காட்டினார்கள். மீதிப் பேர் எல்லாம் கலந்த கலவை.

கைக்குழந்தையிலேயே இந்த வேறுபாடு தெரிகிறது என்றால், அம்மா செல்லம் கொடுத்துக் கெடுத்துவிட்டாள் என்று எப்படிச் சொல்ல முடியும்? இரண்டு பிள்ளை பெற்றவர்களுக்கு இது ஆய்வு இல்லாமலே தெரியும். அதே வீடு, அதே சோறு. மூத்தது பசு, இளையது புயல்.

ஆனால், 'பிறவிக் குணம், விட்டுவிடு' என்றும் அவர்கள் சொல்லவில்லை. குழந்தையின் சுபாவமும் வீட்டின் எதிர்பார்ப்பும் எவ்வளவு பொருந்துகின்றன என்பதைப் பொறுத்துத்தான் பின்னால் பிரச்னை வருவதும் வராததும் என்றார்கள். மாற்றத்தைத் தாங்காத பிள்ளையை ஐந்து நிமிடத்தில் கிளப்ப நினைத்தால் தினமும் போர்தான். அதே பிள்ளையை அரை மணி நேரம் முன்னால் எழுப்பினால், போர் பாதியாகலாம்.

இந்த வயதுக்கென்று ஒரு நியாயமும் இருக்கிறது. 'நான் வேறு, அம்மா வேறு. எனக்கென்று ஒரு விருப்பம் உண்டு' என்பதைக் குழந்தை அப்போதுதான் கண்டுபிடித்திருக்கிறது. அதைச் சொல்ல அதற்குக் கிடைத்த முதல் ஆயுதம் 'மாட்டேன்'. ஆசையை அடக்கவும், காத்திருக்கவும் உதவுகிற மூளையின் முன்பகுதி முழுதாக முதிர்ச்சி அடைய இருபது வயதைத் தாண்டும். மூன்று வயதில் அதைக் கேட்டால் எங்கே போகும்?

நிலாவும் நான்கு வழிகளும்

பிள்ளைத்தமிழ் நூல்களில் 'அம்புலிப் பருவம்' என்று ஒன்று வரும். 'குழந்தையோடு விளையாட வா' என்று நிலாவை அழைக்கும் பகுதி. நிலா சும்மா வருமா? அதனால் சாமம், பேதம், தானம், தண்டம் என்று நான்கு உபாயங்களையும் புலவர்கள் பயன்படுத்திப் பார்ப்பார்கள். 'நீயும் இவனும் ஒன்றுதான்' என்று கொஞ்சுவது, 'இவன் எங்கே, நீ எங்கே' என்று பிரித்துப் பேசுவது, 'வந்தால் இது கிடைக்கும்' என்பது, 'வராவிட்டால் பார்' என்பது. அக்கா அன்று காலை ஐந்து நிமிடத்தில் செய்ததும் கிட்டத்தட்ட இதைத்தானே! அங்கே நிலா வரவில்லை. இங்கே ஷூ ஏறவில்லை.

இந்த நான்கில் பார்வைக்குச் சாது, நடைமுறையில் ஆபத்து எது தெரியுமா? தானம். அதாவது, அழுகையை நிறுத்தக் கொடுக்கும் சாக்லேட், செல்போன். அமெரிக்காவின் ஓரிகன் மாநிலத்தில் ஜெரால்டு பேட்டர்சன் என்ற உளவியலாளர், குடும்பங்களை வீட்டுக்கே போய் கவனித்து எழுதியது இதைப் பற்றித்தான். அம்மா 'வேண்டாம்' என்கிறார். பிள்ளை கத்துகிறது. அம்மா சத்தம் போடுகிறார். பிள்ளை இன்னும் கத்துகிறது. 'சரி, வெச்சுத் தொலை' என்று அம்மா கொடுக்கிறார். வீடு அமைதியாகிறது. பிள்ளை கற்றுக்கொண்டது: 'இந்த அளவு கத்தினால் கிடைக்கும்.' அம்மா கற்றுக்கொண்டது: 'கொடுத்தால் நிம்மதி.' இருவருக்குமே பரிசு கிடைத்துவிட்டதால், நாளைக்கும் இதே நாடகம்.

பௌர்ணமி கிரிவலத்தில் பொம்மைக் கடைகளைக் கடக்கும்போது கவனித்துப் பாருங்கள். பத்தடிக்கு ஒரு குழந்தை இந்த நாடகத்தில் இருக்கும். முதல் கடையில் 'வேணாம்' என்ற அப்பா, நான்காவது கடையில் பர்ஸை எடுப்பார். நான்கு கடை தூரம் அழுதால் போதும் என்பது அந்தப் பிள்ளைக்குப் பாடம். வாங்கித் தருவதாக இருந்தால் முதல் கடையிலேயே சிரித்துக்கொண்டு வாங்கிக் கொடுங்கள். இல்லை என்றால், இல்லைதான்.

இதில் ஒரு எச்சரிக்கை. விட்டுக்கொடுப்பதை நிறுத்திய முதல் சில நாட்களில் அடம் குறையாது, ஏறும். நேற்று வரை வேலை செய்த சாவி இன்று திறக்கவில்லை என்றால் நாம் இன்னும் பலமாகத் திருகிப் பார்ப்போம் இல்லையா, அதேதான். பலர் இந்த இடத்தில்தான், 'நமக்கு இது செட் ஆகல' என்று கைவிடுகிறார்கள். அப்போது கொடுத்துவிட்டால், பிள்ளை இன்னும் உரக்கக் கத்தக் கற்றுக்கொள்ளும்.

அந்த ஐந்து நிமிடம்

தரையில் உருளும்போது மணி நகரவே நகராது. ஆனால் உண்மையில் அது சின்ன நேரம்தான். ஒன்றரை வயது முதல் ஐந்து வயது வரையிலான 335 குழந்தைகளின் பெற்றோரிடம் விவரம் வாங்கி, மைக்கேல் போடெகல், ரிச்சர்ட் டேவிட்சன் இருவரும் 2003-ல் வெளியிட்ட ஆய்வில், நான்கில் மூன்று அடங்கள் ஐந்து நிமிடத்துக்குள் முடிந்திருந்தன. உதை, கத்தல் எல்லாம் தொடக்கத்தில் உச்சத்துக்குப் போய் இறங்கிவிடும். கடைசியில் மிஞ்சுவது துக்கம். அழுகை விசும்பலாக மாறும்போது பிள்ளை தானாக உங்கள் மடியைத் தேடி வருவது அதனால்தான். அப்போது அணைத்துக்கொள்வது செல்லம் கொடுப்பது ஆகாது.

உச்சத்தில் இருக்கும்போது புத்திமதி காதில் ஏறாது. இடித்துக்கொள்ளாமல் பார்த்துக்கொண்டு, பக்கத்தில் உட்காருங்கள். "நீலச் செருப்பு கிடைக்கலன்னு கோவம். தெரியுது" என்ற ஒரு வரி போதும். மற்றதை மத்தியானம் சோறு ஊட்டும்போது பேசிக்கொள்ளலாம்.

அடத்துக்கு முன்னால் செய்யக்கூடியதுதான் அதிகம். "ஷூ போடு" என்றால் பதில் 'மாட்டேன்'தான். "எந்தக் கால் முதல்ல?" என்றால் யோசிக்கும். இரண்டே இரண்டு வாய்ப்பு, இரண்டும் உங்களுக்குச் சம்மதமானதாக இருக்கட்டும். விளையாட்டிலிருந்து திடீரென்று தூக்காமல், "இன்னும் ரெண்டு தடவ சறுக்கிட்டுக் கிளம்பலாம்" என்று சொல்லிவிட்டுக் கிளப்புங்கள். வீட்டுக்கு மாற்றவே முடியாத விதிகள் மூன்று, நான்கு போதும்: ரோட்டில் கையை விடக் கூடாது, அடிக்கக் கூடாது, அடுப்புப் பக்கம் வரக் கூடாது. சட்டை நிறத்துக்கெல்லாம் சண்டை எதற்கு? அதில் அவனே ஜெயிக்கட்டும்.

தூக்கத்தையும் பாருங்கள். மூன்று, நான்கு வயதுக்கு ஒரு நாளைக்கு 10 முதல் 13 மணி நேரத் தூக்கம் வேண்டும், உட்கார்ந்து திரை பார்ப்பது ஒரு மணி நேரத்துக்கு மேல் கூடாது என்பது உலக சுகாதார நிறுவனம் 2019-ல் சொன்னது. இரவு பதினொரு மணி சீரியல் வரை விழித்திருந்த பிள்ளை காலை எட்டு மணிக்குச் சமர்த்தாக ஷூ போடும் என்று எதிர்பார்ப்பது கொஞ்சம் ஓவர்தான்.

'ஒரு அடி வெச்சா சரியாயிடும்!'

அந்த நிமிடத்துக்குச் சரியாகும். அதனால்தான் கை நீள்கிறது. எலிசபெத் கெர்ஷாஃப், ஆண்ட்ரூ க்ரோகன்-கேலர் இருவரும் 2016-ல், சுமார் 1,60,000 குழந்தைகள் சம்பந்தப்பட்ட ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தார்கள். அடி வாங்கும் குழந்தைகளிடம் எதிர்ப்பும் மூர்க்கமும் அதிகமாகவே தென்பட்டன. அடியால் நன்மை என்று காட்ட எதுவும் கிடைக்கவில்லை. நம் நாட்டில் 2009-ன் கல்வி உரிமைச் சட்டம் பள்ளியில் அடிப்பதைத் தடை செய்திருக்கிறது. டீச்சர் அடித்தால் சண்டைக்குப் போகிற நாம், வீட்டில் மட்டும் அதே கையை நியாயப்படுத்துகிறோம்.

ஏற்கெனவே அடித்துவிட்டவர்கள் இதைப் படித்துவிட்டு உடைந்து போக வேண்டாம். பிள்ளையிடம் போய், "அம்மா அடிச்சது தப்பு, கோவத்துல அடிச்சிட்டேன்" என்று சொல்லலாம். மரியாதை ஒன்றும் குறைந்துவிடாது. தப்பு செய்தால் எப்படி சாரி கேட்பது என்பதை அந்தப் பிள்ளை வேறு யாரிடம் பார்த்துக் கற்றுக்கொள்ளும்?

டொனால்டு வின்னிகாட் என்ற பிரிட்டிஷ் குழந்தை மருத்துவர் 1950-களிலேயே, குழந்தைக்குக் குறையே இல்லாத அம்மா தேவையில்லை, 'போதுமான அளவு நல்ல அம்மா' போதும் என்று எழுதினார். அம்மா கொஞ்சம் கொஞ்சமாகத் தவறவிடும் இடங்களில்தான் குழந்தை உலகத்தோடு ஒத்துப்போகக் கற்கிறது என்பது அவர் கருத்து. 'நான் நல்ல அம்மாதானா?' என்று கேட்டுக்கொண்டு அடுப்படியில் அழுகிறவர், பிள்ளையைப் பற்றிக் கவலையே இல்லாதவர் கிடையாது. அப்பாக்கள் இந்தக் கேள்வியை அவ்வளவாகக் கேட்டுக்கொள்வதில்லை என்பதையும் இங்கே சொல்லிவிட வேண்டும். வேன் ஹார்ன் அடித்தபோது அத்தான் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார்!

உறவுகள் பேசத்தான் செய்யும். பழம் கிடைக்கவில்லை என்று கோபித்துக்கொண்டு மலையேறிய பிள்ளையைக் கும்பிடுகிறவர்கள் நாம். சொந்த வீட்டில் ஒருத்தன் கட்டிலுக்கு அடியில் போய் ஒளிந்துகொண்டால் மட்டும் நமக்குத் தாங்காது.

எப்போது டாக்டரைப் பார்க்க வேண்டும்?

அடம் அடிக்கடி 25 நிமிடங்களைத் தாண்டினால், தலையைச் சுவரில் மோதிக்கொள்வது, தன்னையே கடித்துக்கொள்வது என்று போனால், ஒரு நாளில் ஐந்து முறைக்கு மேல் என்று பல நாட்கள் வந்தால், காத்திருக்க வேண்டாம். வயதுக்கேற்ற பேச்சு வரவில்லை, கூப்பிட்டால் திரும்பவில்லை, கண்ணைப் பார்ப்பதில்லை என்றாலும் அப்படியே. சில குழந்தைகள் அழுது அழுது மூச்சை அடக்கி நீலமாகிவிடும். பெரும்பாலும் தானே சரியாகிவிடும் என்றாலும், இரும்புச்சத்துக் குறைவுக்கும் இதற்கும் தொடர்பு உண்டு என்பதால் ரத்தப் பரிசோதனை அவசியம். தேசியக் குடும்பநல ஆய்வின் (2019-21) கணக்குப்படி, இந்தியாவில் ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளில் 67 சதவிகிதம் பேருக்கு ரத்தசோகை.

அங்கன்வாடிகளுக்கும் அரசுப் பள்ளிகளுக்கும் வரும் ஆர்.பி.எஸ்.கே மருத்துவக் குழுவிடம் சொன்னால், வளர்ச்சிக் குறைபாடு இருக்கிறதா என்று பார்த்து, தேவைப்பட்டால் மேல்சிகிச்சைக்கு அனுப்புவார்கள். கட்டணம் இல்லை. பிள்ளைக்கு அல்ல, உங்களுக்குத்தான் முடியவில்லை, தூக்கம் வரவில்லை, எதிலும் பிடிப்பு இல்லை என்றால், டெலி-மானஸ் இலவச எண் 14416. தமிழிலேயே பேசலாம்.

அக்கா விஷயத்துக்கு வருகிறேன். "நீலமா, கறுப்பா?" மூன்று நாள் நன்றாகவே வேலை செய்தது. நான்காவது நாள் வாண்டு இரண்டையும் பார்த்துவிட்டு, "ரெண்டும் வேணாம், ஆயா செருப்பு!" என்றான். வேன் மறுபடி போய்விட்டது. அடி விழவில்லை. அவன் அழுது முடிக்கும் வரை அக்கா படியில் உட்கார்ந்திருந்தாள். பிறகு அத்தான் பேப்பரை மடித்து வைத்துவிட்டு, ஸ்கூட்டியில் கொண்டுபோய் விட்டுவிட்டு வந்தார்.