மூணாவது கை இல்லாத டிரைவரும் தொண்ணூறுகளின் ஏழு கேசட்டுகளும்

முதல்லயே சொல்லிடறேன், இது கொசுவத்தி பதிவு. அதுவும் இரவல் கொசுவத்தி. ஏன்னா இந்தப் பட்டியல்ல இருக்குற கேசட்டுகள்ல முக்கால்வாசி நான் பொறக்கறதுக்கு முன்னாடியே வந்தது. எனக்கு இன்னும் முப்பது ஆகலை. தொண்ணூறுகளைப் பத்தி எழுத இவனுக்கு என்ன தகுதின்னு கேட்டா ஒரே பதில்தான் இருக்கு: எங்கப்பாவோட கேசட் பெட்டி.

அப்பா தனியார் பஸ் டிரைவர். உக்கடத்துல இருந்து பொள்ளாச்சி, பொள்ளாச்சியில இருந்து உக்கடம். சுமார் நாப்பது கிலோமீட்டர். அப்பல்லாம் கிட்டத்தட்ட ஒரு மணி நேர ஓட்டம். அந்த ரூட்ல தனியார் பஸ்ஸுன்னா பாட்டு இருக்கணும். சனங்க ரெண்டு பஸ்ஸு நின்னா பாட்டு நல்லா இருக்குற பஸ்ஸாப் பாத்துத்தான் ஏறுவாங்களாம். அதனால கேசட் வாங்குறதும் தொழில்ல ஒரு பாகம்.

இப்ப கணக்கைப் பாருங்க. சி-60ன்னு ஒரு கேசட் வரும். ஒரு பக்கத்துக்கு முப்பது நிமிஷம், ரெண்டு பக்கமும் சேத்து ஒரு மணி நேரம். உக்கடத்துல 'ஏ' சைடு போட்டா கிணத்துக்கடவு வர்றப்ப முடியும். கண்டக்டர் வந்து திருப்பிப் போடுவார். பொள்ளாச்சி ஸ்டாண்டுக்குள்ள வண்டி நுழையறப்ப 'பி' சைடும் முடியும். 1963ல பிலிப்ஸ் கம்பெனி கேசட்டை வெளியிட்டப்போ எங்க ரூட்டை மனசுல வெச்சு செஞ்சிருக்க வாய்ப்பில்லை. ஆனா அப்பா அப்படித்தான் நம்பறார் :-)

இதுல முக்கியமான விஷயம், டிரைவரால பாட்டை மாத்த முடியாது. அப்பா சொல்ற மாதிரியே சொன்னா, "ரெண்டு கையும் ஸ்டியரிங்குல இருக்குது கண்ணு. பாட்டை ஓட்டிவிட மூணாவது கைக்கு எங்க போறது?" ஒரு பாட்டு பிடிக்கலைன்னாலும் அஞ்சு நிமிஷம் கேட்டுத்தான் ஆகணும். ஒரு நாளைக்கு ஆறு நடை, ஆறு தடவையும் கேக்கணும். அதனால அப்பாவோட அகராதியில நல்ல ஆல்பம்னா நல்ல பாட்டு நாலு இருக்குற ஆல்பம் இல்ல. தாண்ட வேண்டிய பாட்டு ஒண்ணுகூட இல்லாத ஆல்பம்.

போன மழைக்காலத்துல ஊருக்குப் போனப்ப பரண்ல இருந்து அந்தப் பெட்டியை இறக்கினேன். நாப்பத்தி மூணு கேசட். சிலதுல பூஞ்சை. பழைய டெக் ஒண்ணு வாங்கி, ஹெட்டை ஸ்பிரிட்டு வெச்சுத் தொடச்சு, ஒயர்ல லேப்டாப்போட கோத்து, ஒவ்வொண்ணா ஏத்த ஆரம்பிச்சேன். ஒரு மணி நேர டேப்பை ஏத்த ஒரு மணி நேரம் ஆகும், குறுக்கு வழி கிடையாது. ஆக எனக்கும் மூணாவது கை இல்லாமப் போச்சு. அப்படிக் கேட்டதுல தேறின ஏழு இது. வருஷ வரிசையில குடுத்திருக்கேன், தர வரிசை இல்ல. சண்டைக்கு வராதீங்க.

1. தளபதி (1991)

இது கம்பெனி கேசட் இல்லீங்க. ரெக்கார்டிங் கடையில போட்டது. அந்தக் காலத்துல துண்டுச்சீட்டுல பாட்டு எழுதிக் குடுத்தா, காலி கேசட்ல பதிஞ்சு தருவாங்க. தளபதியும் குணாவும் ஒரே தீபாவளிக்கு, 1991 நவம்பர் 5ந்தேதி வந்த படங்க. ரெண்டுமே ராஜா. அப்பா 'ஏ' சைடு தளபதி, 'பி' சைடு குணான்னு போட்டு வாங்கிட்டார். தளபதியோட ஏழு பாட்டும் முப்பது நிமிஷத்துல அடங்காது. கடைசிப் பாட்டு பாதியில அறுந்துடும். அந்தப் பாட்டே அவ்வளவுதான்னு நான் காலேஜ் போற வரைக்கும் நெனச்சிட்டிருந்தேன்!

ஏழுமே வாலி எழுதினது. மணிரத்னமும் ராஜாவும் கடைசியா சேந்த படம். ராக்கம்மா பாட்டுக்கு நடுவுல ஒரு தேவாரம் வரும். குத்துப்பாட்டுக்குள்ள அப்பரைக் கொண்டுவந்து உக்கார வெக்கறது சாதாரண வேலையா? 2002ல பிபிசி உலக சேவை நடத்தின வாக்கெடுப்புல உலகத்துப் பாட்டுகளோட மோதி நாலாவது இடத்துக்கு வந்தது இந்தப் பாட்டுதான். அப்பாகிட்ட சொன்னேன். "நாலாவதா? அப்ப முதல் மூணு எந்தப் படம்?"னார். பதில் சொல்லலை.

2. ரோஜா (1992)

ஆகஸ்ட் 15ல படம் வந்தது. கே. பாலசந்தரோட கவிதாலயா தயாரிப்பு. ரகுமானுக்கு அப்ப வயசு 25. அதுவரைக்கும் விளம்பரப் படங்களுக்கு இசை, ராஜா உட்பட பலபேர்கிட்ட கீபோர்டு வாசிப்பு.

எங்க அப்பா ராஜா கட்சி. புதுப்பையன் கேசட்டைத் தொட மாட்டேன்னு பிடிவாதம். கண்டக்டர் அண்ணன்தான் சொந்தக் காசுல வாங்கிட்டு வந்து போட்டிருக்கார். கிணத்துக்கடவுல ஏறுன காலேஜ் புள்ளைங்க, பொள்ளாச்சியில எறங்காம பாட்டு முடியட்டும்னு உக்காந்திருந்துச்சாம். அன்னைக்குத்தான் அப்பா மனசு மாறுச்சு. மனசு மாறுச்சுன்னு ஒத்துக்க மாட்டார், "கலெக்சன் நல்லா இருந்துச்சு"ம்பார்.

என்னதான் புதுசு அதுல? ராஜா பதிவு பண்றது பெரிய ஹால்ல, வயலின் கோஷ்டி, தபலா, கிடார், பாடகர்னு கூட்டமா வாசிக்க வெச்சு. ஸ்வரம் எல்லாம் முன்னாடியே காகிதத்துல எழுதி இருக்கும். ரகுமான் தன் வீட்டோடயே அமைச்ச ஸ்டுடியோவுல, கம்ப்யூட்டரும் கீபோர்டும் வெச்சு, ஒவ்வொரு சத்தத்தையும் தனித்தனியா பதிஞ்சு அடுக்கினார். எங்க பாஷையில சொன்னா, ஒவ்வொரு லேயரையும் தனியா டெஸ்ட் பண்ணி ஒண்ணாக் கோத்த மாதிரி. அந்தச் சுத்தம் டேப்லயும் தெரிஞ்சுது.

3. தேவர் மகன் (1992)

அதே வருஷ தீபாவளி. தேசிய விருதுக்கு இசையில ரோஜாவும் தேவர் மகனும் நடுவர் குழுவுல சமமா நின்னு, தலைவரா இருந்த பாலு மகேந்திரா தன் ஓட்டை ரோஜாவுக்குப் போட்டார். இத்தனைக்கும் பாலு மகேந்திராவுக்கு ராஜாதான் ஆஸ்தான இசையமைப்பாளர். தேவர் மகன்ல பாடினதுக்காக எஸ். ஜானகிக்கு விருது கெடச்சுது.

ஒரு ஓட்டு மாறியிருந்தா வரலாறு மாறியிருக்குமான்னு ஒரு நாள் ராத்திரி முழுக்க யோசிச்சேன். மாறியிருக்காது. பஸ்ஸுல ஏற்கெனவே ரெண்டு கேசட்டும் மாத்தி மாத்தி ஓடிட்டு இருந்துச்சு. ராஜாவா ரகுமானாங்கற சண்டை டீக்கடையிலதான். டேஷ்போர்டுல ரெண்டு பேரும் பக்கத்துல பக்கத்துலதான் கெடந்தாங்க.

4. திருடா திருடா (1993)

எனக்கு ரொம்பப் பிடிச்சது. ராசாத்தி பாட்டுல வாத்தியமே கிடையாது. சாகுல் ஹமீது குரல், சுத்தி கோரஸ் குரல்கள், அவ்வளவுதான். டீசல் எஞ்சின் இரைச்சல்ல தபலா கிடார் எல்லாம் பாதி அமுங்கிடும், மனுஷக் குரல் மட்டும் தனியா மேல ஏறி வரும்னு அப்பா சொல்வார். இந்தப் பாட்டு வர்றப்ப பஸ்ஸே கம்முனு ஆயிடுமாம். சாகுல் ஹமீது 1997ல கார் விபத்துல போயிட்டார். அந்தச் செய்தியைக் கேட்ட அன்னைக்கு ஆறு நடையும் அந்தக் கேசட்தான்னார் அப்பா. ஒரு டிரைவரா அது அவருக்கு வேற மாதிரி வலிச்சிருக்கும்.

5. பாட்ஷா (1995)

தேவாவைத் திட்டாதீங்க மக்களே. ராஜா, ரகுமான் ரெண்டு பேரைப் பத்தி மட்டும் எழுதினா அது தொண்ணூறுகளோட வரலாறே இல்ல. பஸ்ஸு, கல்யாண மைக்செட்டு, கோயில் திருவிழா எல்லாத்துலயும் அதிகமா கேட்டதுல தேவா பாட்டுக்கும் பெரிய பங்கு உண்டு. சென்னைக் கானாவை சினிமாவுக்குள்ள பெருசா கொண்டுவந்தவர் அவர். ரஜினி பேர் எழுத்து எழுத்தா வர்றப்ப வர்ற இசையும் அண்ணாமலைக்கு (1992) அவர் போட்டதுதான்.

பாட்ஷா 1995 பொங்கலுக்கு வந்தது. ஆட்டோக்காரனுக்கு ஒரு பாட்டு. ஸ்டாண்டுல வண்டி நின்னா ஆட்டோ டிரைவர்கள் வந்து "அண்ணா, இன்னொருக்கா போடுங்க"ன்னு கேப்பாங்களாம். வண்டி ஓட்டறவன் கதாநாயகன், அதுவும் நிஜத்துல பெங்களூர்ல கண்டக்டரா இருந்த ஒருத்தர் நடிச்சது. எங்க கண்டக்டர் அண்ணன் அந்த வருஷம் பூரா சில்லறையைச் சுண்டித்தான் குடுத்தாராம்.

6. இருவர் (1997)

பெட்டியில தேயாத ஒரே டேப் இதுதான். காரணம், பஸ்ஸுல தோத்துப்போச்சு. படமும் ஓடலை. ஒரு பாட்டு பழைய கர்னாடக பாணி சினிமா டூயட், உன்னிகிருஷ்ணனும் பாம்பே ஜெயஸ்ரீயும். இன்னொண்ணு எம்ஜிஆர் காலத்துக் கொள்கைப்பாட்டு மாதிரி, மனோ குரல்ல. இன்னொண்ணு ஜாஸ். நடுவுல அரவிந்த்சாமி குரல்ல கவிதை. நாப்பது வருஷ தமிழ் சினிமா இசையை ஒரே கேசட்ல மடிச்சு வெச்சிருப்பார் ரகுமான். "வசனத்துக்கெல்லாம் டிக்கெட்டு எடுத்திருக்கோமா?"ன்னு ஒரு பாட்டி கேட்டுடுச்சாம். ரெண்டு நடையோட பெட்டிக்குள்ள போயிடுச்சு. அப்பா தீர்ப்பு தப்புன்னு நான் நெனக்கற ஒரே எடம் இது. நாப்பத்தி மூணுல எனக்கு மொதல் இடம் இதுக்குத்தான். அவர் ஓட்டாததாலதான் இன்னைக்கு எனக்கு இவ்வளவு துல்லியமா கேக்குதுங்கறதையும் ஒத்துக்கணும்.

7. காதலுக்கு மரியாதை (1997)

1997 டிசம்பர்ல வந்தது. ராஜா காலம் முடிஞ்சுதுன்னு சொல்லிட்டு இருந்தவங்க வாயை மூட வெச்ச கேசட். ஒரு மதத்துப் பொண்ணும் இன்னொரு மதத்துப் பையனும் காதலிக்கற கதை.

ரெண்டு மாசம் கழிச்சு, 1998 பிப்ரவரி 14. கோவையில தொடர் குண்டுவெடிப்பு. 58 பேர் செத்துப்போனாங்க. அன்னைக்கு சாயங்காலம் அப்பா வண்டி கிணத்துக்கடவைத் தாண்டலை. அங்கயே நிறுத்தி எறக்கி விட்டுட்டாங்க. எனக்கு அப்ப நடக்கக்கூடத் தெரியாது. அம்மா என்னைத் தூக்கிட்டு வாசல்லயே விடியற வரைக்கும் நின்னிருக்காங்க. அப்புறம் வண்டி ஓட ஆரம்பிச்சும் ரொம்ப நாள் பாட்டே போடலையாம். ஏர்றவங்க யாரும் யாரோடயும் பேசலை. ஒரு நாள் பின் சீட்ல இருந்து ஒரு பாய் எழுந்து வந்து, "ஏனுங்க டிரைவரு, பாட்டு ஏதாச்சும் போடுங்க"ன்னு கேட்டிருக்கார். அப்பா போட்டது இந்தக் கேசட். இதுல பவதாரிணி தனியா பாடின பாட்டு ஒண்ணு இருக்கு. 2024 ஜனவரியில அவங்க போனப்ப அப்பா ஃபோன் பண்ணி இந்தக் கதையைச் சொன்னார். அதுக்கு முன்னாடி ஒரு தடவைகூட சொன்னதில்லை.

இவ்வளவுதான் பட்டியல். ரெண்டாயிரத்துக்கு அப்புறம் எம்பி3 சிடி வந்துடுச்சு. ஒரு தட்டுல நூத்துக்கு மேல பாட்டு, எந்தப் படத்துக்கு அப்புறம் எந்தப் படம்னு கணக்கே இல்ல, ரிமோட்டும் வந்துடுச்சு. ஆல்பம்ங்கற பொருள் அங்கயே செத்துடுச்சுன்னு நான் நெனக்கறேன். இப்ப என் ஃபோன்ல மூணாவது கை, நாலாவது கை எல்லாம் இருக்கு. முழுசா ஒரு பாட்டு கேட்டு நாளாச்சு.

இன்னொண்ணு சொல்லணும். டேப்பை எல்லாம் ஏத்தி முடிச்சு அப்பாவுக்குப் போட்டுக் காமிச்சேன். "டேப்பு தேஞ்சு போச்சு கண்ணு, சலங்கைச் சத்தமே காணோம்"னார். டேப் தேஞ்சா மொதல்ல போறது மேல் ஸ்தாயி சத்தம்தான், அதனால நம்பிட்டேன். ஹெட்டைத் திரும்பத் தொடச்சேன், ஸ்க்ரூவைத் திருகி கோணம் சரி பண்ணேன், ரெண்டு நாள் மல்லுக்கட்டினேன். கடைசியா ஃபோன்லயே ஒரிஜினல் தளபதியைப் போட்டு ஹெட்போன் மாட்டி விட்டேன். கொஞ்ச நேரம் கேட்டுட்டு, "இதுவும் தேஞ்சிருக்குது"ன்னார்.

தேஞ்சது டேப் இல்ல. அடுத்த நாளே டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போனேன். ரெண்டு காதுலயும் உச்ச சத்தம் போயிருக்கு, இடது காது ரொம்ப மோசம். எஞ்சின் பெட்டி டிரைவருக்கு இடது பக்கம்தானே. இருபத்தஞ்சு வருஷ இரைச்சல் நாலாயிரம் ஹெர்ட்ஸ் பக்கம் காதைத் தின்னுடுச்சு. போனது திரும்பாது, மெஷின் வெச்சா பேச்சு தெளிவாகும்னார் டாக்டர். வெச்சிருக்கோம். வீட்டுல பாதி நேரம் கழட்டி வெச்சுடறார்.

நேத்து ராத்திரி மெஷின் இல்லாமயே ராக்கம்மாவைப் போடச் சொன்னார். மேல இருக்குற வயலின் எவ்வளவு கேட்டுச்சோ தெரியாது. ஆனா கீழ ஓடற பேஸ் கிடாருக்கு சரியா அவர் விரல் கட்டில் சட்டத்துல தட்டிட்டு இருந்துச்சு. ஒரு தட்டு தப்பலை. பாதியில அறுந்த கடைசிப் பாட்டை முழுசா இருக்குறதைப் போடட்டுமான்னு கேட்டேன்.

"வேண்டாம். கிணத்துக்கடவு வந்துருச்சு. திருப்பிப் போடு"ன்னார்.

டிஸ்கி: அலைபாயுதேவை ஏன் விட்டேன்னு கேக்கறவங்களுக்கு, அது 2000. சங்கமம், முதல்வன் எல்லாம் ஏன் இல்லைன்னு கேக்கறவங்களுக்கு, அந்த ரெண்டு கேசட்டையும் கண்டக்டர் அண்ணன் இரவல் வாங்கிட்டுப் போய் இன்னும் திருப்பித் தரலை. உங்க வீட்டுப் பரண்லயும் ஒரு பெட்டி கெடந்தா இறக்குங்க. இறக்கினதும், கூட உக்காந்து கேக்கறவர் காதையும் ஒருக்கா டாக்டர்கிட்ட காட்டுங்க.