பாரிஸ் நகரில் மாணவர் உறைவிடம்

பாரிஸ் நகரில் மாணவர் உறைவிடம் என்பது பிரெஞ்சுத் தலைநகருக்கு உயர்கல்வி பயில வருவோர் தங்கும் விடுதிகளையும் வாடகை அறைகளையும், அவற்றைப் பெறும் முறைகளையும் குறிக்கும். ஏறத்தாழ 105 சதுர கிலோமீட்டர் பரப்புக்குள் இருபது வட்டாரங்களாக நெருங்கி அமைந்து, புதுமனை எழுப்ப வெற்றுநிலம் அரிதாகிவிட்ட அந்நகரில் வாடகை மிக உயர்ந்திருப்பதால், கலாசாலையில் இடம் கிடைத்த பின்னரும் தலைசாய்க்க ஓர் அறை கிடையாமல் அலையும் மாணவர் பலர்.

தோற்றம்: இச்சிரமம் இன்று நேற்றுத் தோன்றியதன்று. 1180-ஆம் ஆண்டில் ஜெருசலேம் யாத்திரை முடித்துத் திரும்பிய லண்டன்வாசி ஜோசியஸ் என்பவர், நோத்ர் தாம் பேராலயத்தை அடுத்திருந்த ஒத்தெல் தியூ என்னும் தர்ம வைத்தியசாலையில் ஏழை மாணாக்கர் ஒதுங்கியிருந்த அறையொன்றைக் கண்டு, அதனை விலைகொடுத்து வாங்கிப் பதினெட்டுப் பேருக்கு என்றும் உரியதாக்கினார். அதற்குக் கைம்மாறாக, அங்கே இறப்போரின் உடலுக்கு முன் சிலுவையும் தீர்த்தமும் ஏந்திச் செல்வது அம்மாணாக்கரின் கடமையாயிற்று. ‘பதினெண்மர் கல்லூரி’ எனப் பெயர் பெற்ற இதுவே பாரிஸின் முதற் கல்லூரி. ஒன்பதாம் லூயி மன்னரின் குருவாக விளங்கிய ரொபேர் தெ சோர்போன் 1257-இல் நிறுவிய கல்லூரியும், பொருளில்லாத் தெய்வசாஸ்திர மாணவருக்கு உணவும் உறையுளும் அளிக்கவே எழுந்தது. ஆகவே, கல்லூரி என்னும் சொல் அந்நகரில் ஆதியில் பாடம் நடக்கும் மண்டபத்தையன்று, உண்டு உறங்கும் மனையையே குறித்தது.

பணியாளர் அறைகள்: பிரெஞ்சுப் புரட்சியில் பழைய கல்லூரிகள் மூடப்பட்டபின், மாணவர் வாடகை அறைகளையே நம்பி வாழலாயினர். பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுவில் ஓஸ்மான் பிரபு நகரைப் புதுக்கியபோது எழுந்த மாளிகைகளில், ஆறாம் ஏழாம் மாடியில், சரிந்த துத்தநாகக் கூரையின் கீழ், தனிப் படிக்கட்டு வழியே ஏறிச் சேரும்படி பணிப்பெண்களுக்கென்று கட்டப்பட்ட சிற்றறைகள் பல காலப்போக்கில் மாணவர் இருப்பிடங்களாயின. குளிர்காலத்தில் உறைந்தும் கோடையில் வெந்தும், பலருக்குப் பொதுவான கழிப்பறையைப் பகிர்ந்தும் அங்கே படித்தோர் எண்ணற்றோர். 2002-ஆம் ஆண்டு ஆணையின்படி, வாடகைக்கு விடப்படும் குடியிருப்பின் முதன்மை அறை 9 சதுர மீட்டர் பரப்பும் 2.20 மீட்டர் உயரமுமாவது, அல்லது 20 கனமீட்டர் கொள்ளளவாவது உடையதாயிருத்தல் வேண்டும்.

சர்வகலாசாலை நகர்: முதல் உலகப் போருக்குப் பின், கல்வியமைச்சராயிருந்த ஆந்த்ரே ஒனொராவின் முயற்சியாலும், எமில் தாயிச் தெ லா மேர்த் என்னும் தொழிலதிபர் வழங்கிய ஒரு கோடி பிராங்கு நன்கொடையாலும், இடிக்கப்பட்ட பழைய கோட்டைமதில் நின்ற தென்புற நிலத்தில் மாணவர் குடியிருப்பு ஒன்று உருவாயிற்று. 1925-இல் முதல் இல்லம் திறக்கப்படுவதைக் காண அவ்வள்ளல் இல்லை. முந்திய ஆண்டே காலமானார். இன்று 34 ஹெக்டேர்ச் சோலையில் நாற்பதுக்கு மேற்பட்ட இல்லங்கள் உள்ளன. கட்டடக் கலைஞர் லெ கொர்பூசியே வரைந்த சுவிஸ் இல்லம் 1933-இலும், இந்திய இல்லம் 1968-இலும் திறக்கப்பட்டன. ஒவ்வோர் இல்லமும் தன் அறைகளில் ஒரு பகுதியைப் பிற நாட்டினருக்கு அளிப்பது இங்குள்ள விசேஷ தர்மம். போரிட்ட தேசங்களின் பிள்ளைகள் ஒரே தாழ்வாரத்தில் சந்திக்க வேண்டும் என்பதே ஸ்தாபகரின் நோக்கம்.

பெறும் முறை: 1955-இல் ஏற்பட்ட ‘க்ரூஸ்’ என்னும் அரசாங்க மாணவர் நல நிறுவனத்தின் விடுதிகளே வாடகையில் மலிவானவை. குடும்ப வருமானம் முதலியவற்றை நோக்கி அறை ஒதுக்கப்படுவதால், செப்டெம்பரில் சேரவிருப்பவர் வசந்த காலத்திலேயே விண்ணப்பித்தல் நலம். தனியார் அறைக்கு, வாடகையைப் போல் மும்மடங்கு வருமானமுள்ள ஜாமீன்தாரரை உரிமையாளர் கேட்பது வழக்கம். அத்தகையோர் இல்லாத அயல்நாட்டு மாணவருக்கு ‘வீசால்’ என்னும் இலவச ஜாமீன் திட்டம் பேருதவியாகும். மேசை கட்டிலுடன் கூடிய அறையை மாணவர் ஒன்பது மாதத்துக்கு ஒப்பந்தம் செய்துகொள்ளலாம். அதன் முன்பணம் இரு மாத வாடகையைத் தாண்டலாகாது. புகுமுன் அறையின் நிலையைக் குறிக்கும் பத்திரத்தைக் கவனமாக எழுதிக்கொள்ளாதவர், வெளியேறும்போது முன்பணத்தை இழக்க நேரும். அறையைக் காணாமலும் ஒப்பந்தம் கையெழுத்தாகாமலும் எவருக்கும் பணம் அனுப்பலாகாது. தூரதேசத்து மாணவரின் அவசரத்தையே வஞ்சகர் முதலாகக் கொள்கின்றனர்.

முதியோருடன் வாசம்: 2003-ஆம் ஆண்டுக் கோடையின் கடும் வெப்பத்தால் பிரான்சில் ஏறத்தாழ 15,000 பேர் மாண்டனர். அவர்களுள் தனித்து வாழ்ந்த முதியோர் மிகப் பலர். அத்துயரத்துக்குப் பின், வெற்றறையுள்ள முதியவரையும் அறையற்ற மாணவரையும் இணைத்துவைக்கும் சங்கங்கள் பெருகின. அறுபது வயது கடந்தோர் முப்பதுக்கு உட்பட்டோருக்குச் சிறுதொகைக்கு இடமளிக்கும் இவ்வேற்பாட்டை 2018-ஆம் ஆண்டுச் சட்டம் அங்கீகரித்தது. இறந்தோருக்கு முன் சிலுவை ஏந்திப் படுக்கை பெற்ற பதினெண்மரின் வழியில், இன்றைய மாணவன் உயிரோடிருக்கும் ஒரு கிழவிக்கு இரவில் துணையிருந்து தன் அறையைப் பெறுகிறான்.