ஈ, தேன், டி.டி.டி.

பனிரெண்டாவது படிக்கிற என் பெண் போன வாரம் வேதியியல் பாடத்தில் ஒரு பெயரில் மாட்டிக்கொண்டாள். "டைக்ளோ... ரோடி... ஃபெனில்..." ஆங்கிலத்தில் 31 எழுத்து. நானோ காமர்ஸ். ஆனால் நீளமான கணக்கு எண்ணை நாலு நாலாகப் பிரித்துப் படிக்கிற பேங்க் பழக்கம் கை கொடுத்தது.

வாய் நிற்கிற இடத்தில் பிரிக்கக்கூடாது, பொருள் முடிகிற இடத்தில் பிரிக்க வேண்டும். டைகுளோரோ, டைஃபீனைல், டிரைகுளோரோ, ஈத்தேன். அசை அசையாக: டை-குளோ-ரோ-டை-ஃபீ-னைல்-டிரை-குளோ-ரோ-ஈ-தேன். மொத்தம் 11. அழுத்தம் 'ஈ'யில். ஈயும் தேனும் என்று ஞாபகம் வைத்துக்கொள் என்றேன். பூச்சிமருந்துக்குப் பொருத்தம்தானே :-)

ஆமாம், நம்ம டி.டி.டி.தான் அது!

டை என்றால் இரண்டு, டிரை என்றால் மூன்று. இரண்டும் கிரேக்கம். வெளிர்பச்சை என்ற கிரேக்கச் சொல்லிலிருந்து குளோரினுக்குப் பெயர் வைத்தவர் ஹம்ப்ரி டேவி, 1810-இல். ஃபீனைலின் வேர்ச்சொல்லுக்கு ஒளிர்தல் என்று பொருள். விளக்கு எரிக்கிற வாயுவோடு கிடைத்த பொருள் பென்சீன் என்பதால், 1836-இல் லாரென்ட் அப்படிப் பெயரிட்டார். ஈத்தேன், இரண்டு கார்பன் கொண்ட அடித்தளம்.

1874-இல் சைட்லர் இதை முதலில் தயாரித்தார். பூச்சியைக் கொல்லும் என்று 1939-இல் கண்டுபிடித்தவர் சுவிட்சர்லாந்தின் பால் முல்லர். 1948-இல் நோபல் பரிசு. இந்தியாவில் 1953-இல் மலேரியா கட்டுப்பாட்டுத் திட்டம் தொடங்கியது. சுதந்திரம் வந்த சமயத்தில் ஆண்டுக்கு சுமார் 7.5 கோடிப் பேருக்கு வந்த காய்ச்சல், 1965-இல் ஒரு லட்சமாகக் குறைந்தது. எத்தனை உயிர்கள்! இதை மறந்துவிட்டுப் பேசக்கூடாது.

சின்ன வயதில் எங்கள் ஊரில் மருந்தடிக்க வருபவர்கள் சுவரில் தேதி எழுதிவிட்டுப் போவார்கள். டி.டி.டி. என்றால் என்ன என்று யாரும் கேட்டதில்லை.

டைகுளோரோ, டைஃபீனைல், டிரைகுளோரோ. மூன்றின் முதலெழுத்துதான் அந்தச் சுருக்கம். ஈத்தேனுக்கு எழுத்தே இல்லை. இரண்டும் மூன்றும் சேர்ந்து ஐந்து குளோரின் அணுக்கள் இருப்பதும் சுருக்கத்தில் மறைந்துவிட்டது. எளிதில் சிதையாத கட்டமைப்பு. கொழுப்பில் கரையும். அதனால் மண்ணிலும் மீனிலும் பறவையிலும் தங்கிவிட்டது. ரேச்சல் கார்சன் 1962-இல் புத்தகமே எழுதி எச்சரித்தார். அமெரிக்கா 1972-இல் தடை செய்தது. இந்தியா 1989-இல் விவசாயத்தில் நிறுத்தியது.

ராத்திரி சாப்பாட்டு நேரத்தில் என் பெண் ஒரே மூச்சில் முழுப்பெயரையும் சொன்னாள். குளோரோ இரண்டு முறை காதில் விழுந்தது. உங்கள் வீட்டுப் பிள்ளைகளுக்கும் பிரித்துச் சொல்லிக்கொடுத்துப் பாருங்கள்.